திரும்பும் முகவரி

பெருமாநல்லூர் ரோட்டில் செல்போன் கடைக்கு மேலே
எங்கள் கம்பெனி. மொத்தம் ரெண்டு நாற்காலி.
கீழே டெம்போ ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம்
மானிட்டர் நடுங்கும்.

பனியன் கம்பெனி ஒன்றுக்கு ஆப் எழுதிக் கொடுத்தோம்:
பீஸ் கணக்கு, ஓவர்டைம், முன்பணம்.
நாற்பது மெஷினுக்கு ஒரே டேப்லெட்,
தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்துச் சுவரில்
செயின் போட்டுக் கட்டியது.

ஒற்றைப் பக்க ஆப் என்பது
ஒரே கூடத்தில் சாமான்களை மாற்றி வைப்பது.
சமையலறை என்றால் சமையலறை போலத் தெரியும்,
பூட்டிய அறை என்றால் அதுவும்.
கதவு எதுவும் திறக்கவில்லை, மூடவுமில்லை.
மேலே எழுதிய விலாசம் மட்டும் மாறும்.

லாகவுட்டுக்கு நான் எழுதியது ஒரே வரி:
டோக்கனை அழி.
மீதியைக் காவல் பார்த்துக்கொள்ளும்.
டோக்கன் இல்லாதவரை லாகினுக்கு அனுப்பும்,
அனுப்பும் முன்பு, பெரிய உபகாரம் போல,
அவர் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளும்,
மறுபடி வந்தால் அங்கேயே கொண்டுபோய் விட.
நல்ல பழக்கம் என்றுதான் நினைத்தேன்.
நம் பக்கம் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லையே.

வெள்ளிக்கிழமை, ராத்திரி எட்டு பத்து.
ஓவர்லாக் வசந்தாமணி முன்பணம் கேட்கிறார்,
பன்னிரண்டாயிரம்.
காரணம் என்ற கட்டத்தில்
(அதைக் கட்டாயமாக்கியதும் நான்தான்)
தனி வீடு பாத்தாச்சு, அட்வான்ஸ் கட்டணும்.
லாகவுட்டை அமுக்குகிறார்.

நாற்பது விநாடி.

செக்கிங் தெய்வாத்தாள் உள்ளே வருகிறார்,
வசந்தாமணியின் வீட்டுக்காரருக்கு அக்கா.
அவர் பார்க்க வந்தது ஓவர்டைம்.
ஆப் அவரை மரியாதையாகக் கைப்பிடித்து
வசந்தாமணி நின்ற இடத்தில் நிறுத்துகிறது.
பக்கம் கலையவில்லை, அதனால் நினைவும் கலையவில்லை.
தொகை, காரணம், எல்லாம் அப்படியே.

சூப்பர்வைசர் லோகநாதன் போனில் சொன்னார்:
'ஏனுங், உங்க ஆப்புனால ஒரு குடும்பம் ரெண்டாயிருச்சுங்.'
சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்தேன்.
முதலில் நினைவைக் காலி செய், பிறகு டோக்கன்,
பிறகு லாகின், பழைய பக்கத்தின் மேலேயே எழுது.
அவசரத்தில் லாகினுக்கும் காவல் போட்டுவிட்டேன்.
லாகின், முகப்பு, லாகின், முகப்பு,
புஷ்பா ரவுண்டானாவில் வழி தெரியாத
கேரளா லாரி மாதிரிச் சுற்றியது.
அதை எடுத்தேன். மணி ஒன்றரை.

நேரம் முடிந்து வெளியே தள்ளப்பட்டவர் ஒருவர்,
தானாக எழுந்து போனவர் வேறொருவர்.
காவலுக்கு ரெண்டும் ஒன்று: கையில் டோக்கன் இல்லை.
முன்னவருக்குத் திரும்பும் முகவரி வேண்டும்,
பாதி நிரப்பிய படிவம் அங்கே காத்திருக்கிறது.
தானாகப் போனவருக்கு
குறித்துவைக்க நான் யார்?
அந்த வரியை அழித்தேன்.
ஒரே ஒரு வரி. டீ ஆறிப்போயிருந்தது.

திங்கட்கிழமை நேரில் போய் மாட்டினேன்.
டீ டைமில் வசந்தாமணி வந்தார், காதோரம் பஞ்சு.
'இப்ப வெளிய போனா வெளியதானுங்?'
'ஆமாங்.'
'அன்னைக்கும் அப்படித்தானுங் நெனச்சேன்.'

முன்பணம் பாஸ் ஆகியிருந்தது. பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
விலாசம் மாற்று என்பதைத் திறந்து
ஒற்றை விரலால் மெதுவாக அடித்தார்.
கதவு எண் வரை பார்த்தேன்.
அப்புறம் டிரம்மின் குழாயைப் பார்த்தேன்,
சொட்டிக்கொண்டிருந்தது.

லாகவுட்.
போகாமல் நின்று
பின்பட்டனை அமுக்கினார், ஒரு முறை,
கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை.
லாகின் பக்கம் அப்படியே நின்றது.
பெல் அடித்தது. மெஷினுக்குப் போனார்.